தலைக்காயம் பட்டவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது: டிஸ்சார்ஜுக்கு முந்தைய வாரம் தொடங்கி

கேட்கப்பட்டது இது: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் வீடு. அண்ணனுக்கு 36 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, இடப்பக்க மண்டை எலும்பை எடுத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் ஆகிறது, அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். மூக்கில் ட்யூப் இருக்கிறது, வலது கையும் காலும் சரியாக அசையவில்லை, பேச்சு வரவில்லை. சில நேரம் ஆளை அடையாளம் தெரிகிறது, சில நேரம் கத்துகிறார். வீட்டில் மைனியும் (அண்ணன் மனைவி) அம்மாவும்தான். நான் வெளியூரில் வேலை. என்ன ஏற்பாடு செய்ய வேண்டும், என்ன உதவி கிடைக்கும்?

மீதி இருக்கும் இந்த ஒரு வாரம் கட்டில் வாங்குவதிலும் வண்டி பேசுவதிலும் போய்விடக் கூடாது. நர்ஸ் செய்வதை மைனியும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றால் போதாது. நர்ஸ் பக்கத்தில் நிற்க, இவர்கள் கையால் செய்ய வேண்டும். ட்யூப் வழியாக உணவு கொடுப்பது, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, வாயைச் சுத்தம் செய்வது ஆகிய நான்கையும் ஆளுக்கு மூன்று முறையாவது செய்து பழகட்டும். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே சளி கட்டிக் காய்ச்சலோடு திரும்ப ஓட நேர்ந்தால், ட்யூப் உணவைப் படுத்த நிலையில் கொடுத்தார்களா என்பதுதான் முதலில் எழும் சந்தேகம்.

அடுத்தது காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி மடித்துப் பைக்குள் வைக்குமுன் வாசித்துப் பாருங்கள். முதன்முதலில் கொண்டுவந்தபோது இருந்த கிளாஸ்கோ மதிப்பெண் (நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்கான எண், வார்டில் ஜி.சி.எஸ். என்பார்கள், 3 முதல் 15 வரை, 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம்), எத்தனை நாள் நினைவில்லாமல் இருந்தார், சிடி ஸ்கேனில் எந்தத் தேதியில் என்ன தெரிந்தது, வலிப்பு வந்ததா, ஒவ்வொரு மாத்திரையும் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஊனச் சான்றிதழுக்கும் நஷ்டஈட்டு வழக்கிற்கும் இந்த வரிகள்தான் ஆதாரம், அப்போது போய்க் கேட்டால் அந்த டாக்டர் மாறிப் போயிருப்பார். ஸ்கேன் படங்களை சிடியாக வாங்குங்கள். விபத்தன்று முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகல் ஒன்று உண்டு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். மூன்று ஆஸ்பத்திரி மாறியிருந்தால் மூன்றிலும் வாங்குங்கள்.

வலிப்பு மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். வலிப்பே வராதவருக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பது பெரும்பாலும் முதல் 7 நாளுக்குத்தான். ஆனால் நிறுத்தும் தேதி எழுதப்படாததால் அது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், தூக்கமும் எரிச்சலும் அதிலேயே வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பை வரவழைக்கும். “இதை எப்போது, எப்படிக் குறைப்பது?” என்ற கேள்வியை டாக்டரிடம் கேட்டு பதிலை எழுதி வாங்குங்கள். மருந்து ஃபெனிடாயின் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். ட்யூப் உணவோடு சேர்ந்து போனால் அது உடம்பில் ஏறுவது குறையும், உணவுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று சொல்லித் தருவார்கள்.

எடுத்த எலும்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். சில இடங்களில் உறைகுளிரில் வைப்பார்கள். கிருமி பட்டிருந்தால் எறிந்திருப்பார்கள், பிறகு செயற்கைத் தகடு வைக்க வேண்டிவரும். வயிற்றில் கெட்டியாகத் தட்டுப்படுவது என்ன என்று தெரியாமல் யாராவது அங்கே எண்ணெய் போட்டு அமுக்கக் கூடாது. திரும்ப வைக்கும் ஆபரேஷன் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் நடக்கும். அதுவரை இடப்பக்கம் தலை படும்படி படுக்க வைக்கக் கூடாது, உட்கார்ந்து எழும்பும்போதெல்லாம் தலைக்கவசம் வேண்டும். பைக் ஹெல்மெட் கனமானது, கழுத்து தாங்காது. உள்ளே பஞ்சு வைத்த மென்மையான கவசம் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். கட்டில் தலைமாட்டில் “இடப்பக்கம் எலும்பு இல்லை” என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வந்து பார்க்கிற பெரியம்மா தலையைத் தடவ வருவார்.

எலும்பில்லாத இடம் மிருதுவாக, லேசாகக் குழிந்தோ சமமாகவோ இருப்பது இயல்பு. அது கல்லுப்போல் புடைத்து நின்றாலோ, நாளுக்கு நாள் தூக்கம் கூடினாலோ, காரணமில்லாமல் வாந்தி வந்தாலோ, மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினாலோ காத்திருக்காமல் கொண்டுபோங்கள். மெதுவாக வரும் ஆபத்தும் உண்டு. தேறி வந்தவர் மறுபடி மந்தமாகி, நடை தள்ளாடி, தன்னையறியாமல் சிறுநீர் போகத் தொடங்கினால் மூளைக்குள் நீர் சேர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். “பழையபடி ஆயிட்டான்” என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருந்துவிடுவது இங்கேதான் நடக்கிறது. நீரை வடிக்கக் குழாய் வைத்தால் பலர் திரும்பத் தெளிகிறார்கள்.

ட்யூப், தோல், மூட்டு

ட்யூப் உணவுக்கு முன் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், இடுப்பிலிருந்து மேலே உயர வேண்டும். மூக்கருகே ட்யூபில் போட்ட மை அடையாளம் இடம் மாறவில்லை என்று பாருங்கள். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, சிரிஞ்சை மேலே தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள், 15 நிமிடமாவது ஆகட்டும். தள்ளி ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். முடிந்து முக்கால் மணி நேரம் சாய்க்கக் கூடாது. கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டியே ஆக வேண்டும். ஆறிய கேழ்வரகுக் கூழும் சரியாகப் பொடியாத மாத்திரையும்தான் ட்யூபை அடைப்பவை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, எது அந்த வகை என்று மருந்தாளுநரிடம் குறித்து வாங்குங்கள். இருமினாலோ முகம் கறுத்தாலோ உடனே நிறுத்துங்கள். ட்யூப் வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் திரும்பப் போட முயல வேண்டாம். மண்டையின் அடித்தளத்தில் விரிசல் இருப்பவருக்கு மூக்கு வழியாகக் கண்மூடித்தனமாக எதையும் செலுத்துவது ஆபத்து.

வாய்வழி எப்போது கொடுக்கலாம் என்பதைப் பேச்சு சிகிச்சையாளர் விழுங்கும் சோதனை செய்து சொல்ல வேண்டும். விழுங்குவதில் குறை உள்ளவருக்குத் தண்ணீரும் சாயாவும்தான் முதல் எதிரி. மெல்லிய திரவம் சட்டென்று ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருமல்கூட வராமல் இறங்குவது உண்டு. கெட்டியாகக் குழைத்த கஞ்சியும் மசித்த ஏத்தன்பழமும் முதலில் வரும், தண்ணீர் கடைசியில் வரும். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கும். “ஒரு வாய் தண்ணி தானே” என்று அம்மாவுக்கு மனம் இளகும். அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பக்கம் மாற்றுவது பகலிலும் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அது இருக்கிறதென்று புரட்டுவதை விட்டால் அதிலேயே புண் வரும். இடுப்பின் பின்பக்கம், குதிகால், காதுமடல் ஆகியவற்றைத் தினம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம், அந்தப் பக்கம் பாரம் படாமல் பார்க்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள் மூட்டு விலகிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். உட்கார வைக்கும்போது அந்தக் கை தொங்காமல் தலையணை மேல் இருக்கட்டும். கணுக்கால், விரல்கள், முழங்கை ஆகியவற்றை நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பத்து முறை, மெதுவாக நீட்டி 20 விநாடி பிடித்து விடுங்கள். திடீரென்று இடுப்போ முழங்கையோ சூடாகி வீங்கி மடங்க மறுத்தால் வலுக்கட்டாயமாக மடக்காதீர்கள். தலைக்காயத்துக்குப் பின் மூட்டைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு வளர்வது உண்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் இரத்தக்கட்டி இருக்கலாம், அன்றே காட்டுங்கள், தடவிவிடக் கூடாது.

வலிப்பு வந்தால் எலும்பு இருக்கிற வலப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அது நிற்பது தானாக நிற்கிற நேரத்தில்தான், பலருக்கு இரண்டு மூன்று நிமிடத்தில். ஐந்து நிமிடம் தாண்டினால் அல்லது இடையில் தெளியாமல் மறுபடி வந்தால் 108.

கத்துவதும் சும்மா கிடப்பதும்

மேலே சொன்னவையெல்லாம் கடினம், ஆனால் கண்ணுக்குத் தெரிபவை. குடும்பங்கள் உடைவது வேறு இடத்தில். கை கால் ஓரளவு வந்த பிறகு, “ஆளு நல்லாத்தான் இருக்கான், ஆனா பழைய ஆளு இல்ல” என்று மைனி சொல்லத் தொடங்கும் நாள் வரும். அதற்கு வீட்டை இப்போதே தயார்படுத்துங்கள்.

இப்போதைய கத்தலும் பிடுங்கலும் மூளை விழித்துவரும் வழியில் வருகிற ஒரு கட்டம். வாரங்களில் பெரும்பாலும் தணியும். கத்தும்போது மருந்துக்கு ஓடுமுன் உடம்பைப் பாருங்கள். மலச்சிக்கல், நிறைந்த சிறுநீர்ப்பை, காய்ச்சல், தோள்வலி, தூக்கமின்மை, இவற்றில் ஒன்று இருக்கும், அவரால் சொல்லத் தெரியாது. டிவியை அணையுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், சின்ன வாக்கியத்தில். “நான் யார் சொல்லு, இது யாரு சொல்லு” என்று பரீட்சை வைக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். பதிலாக நீங்களே சொல்லுங்கள்: “நான் தம்பி. இது நம்ம வீடு. பைக்ல விழுந்துட்ட, இப்ப தேறிட்டு வர்ற.” தினமும் ஒரே வாக்கியம். கட்டி வைப்பது கத்தலைக் கூட்டும். ட்யூபைப் பிடுங்குகிறார் என்றால் துணியுறை போன்ற கையுறை போட்டுப் பாருங்கள்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு ஜீப் நிறைய வந்து கட்டிலைச் சுற்றி நின்று அழுது ஜெபித்துப் போவார்கள். அன்பில்தான் வருகிறார்கள். ஆனால் காயப்பட்ட மூளைக்குச் சத்தமும் முகங்களும் பெரும் களைப்பு, அன்று இரவு தூக்கம் போய்விடும். ஒரு நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிடம் என்று வாசலிலேயே சொல்ல ஒரு ஆளை வையுங்கள். மைனியால் சொல்ல முடியாது, வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லட்டும்.

இடப்பக்க மூளையில் அடிபட்டு வலப்பக்கம் தளர்ந்தவருக்குப் பேச்சு போவது வழக்கம். பேச்சு போனதால் புத்தி போனதென்று அர்த்தமில்லை. பலருக்குக் கேட்பது ஓரளவு புரியும், அவர் முன்னால் அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். தண்ணீர், வலி, கழிவறை, தூக்கம் ஆகியவற்றுக்குப் படம் வரைந்த அட்டை வையுங்கள். ஒரு சொல்லும் வராதவருக்குக்கூட சின்ன வயதில் மனப்பாடமான ஜெபமோ பாட்டோ ஒன்று முதல் பத்து வரையான எண்ணிக்கையோ தடையில்லாமல் வருவது உண்டு. பேச்சுப் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.

பிறகு வருவது “சோம்பேறித்தனம்”. பல் தேய்க்கச் சொல்லாவிட்டால் மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். நெற்றிப்பக்க மூளை அடிபட்டால் ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் சக்தி குறைகிறது. மனதில் விருப்பம் இருக்கும், இஞ்சின் கிளப்பாது. திட்டினால் நடக்காது. “பிரஷ் எடு. பேஸ்ட் வை. தேய்.” என்று படிப்படியாகச் சொன்னால் நடக்கும். அதையே சுவரில் எழுதி ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் செய்யும்போது சொல்ல வேண்டிய தேவை மெல்லக் குறையும். மறதிக்கும் இதே மருந்துதான். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு நாள்காட்டி, எப்போதும் ஒரே இடத்தில்.

கோபம் சட்டென்று பொங்கும், இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார். எதிரே நிற்பவரால் மறக்க முடியாது. வாக்குவாதம் வேண்டாம், அறையை விட்டுப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். எந்த நேரத்தில், எதற்குப் பிறகு கோபம் வருகிறது என்று இரண்டு வாரம் குறித்தால் காரணம் புலப்படும், பெரும்பாலும் களைப்பும் பசியும் சத்தமும். கூச்சமில்லாத பேச்சு, பெண்களிடம் தகாத வார்த்தை வருவதும் காயத்தின் விளைவாக இருக்கலாம். மறைக்காமல் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். கை ஓங்கினால் மைனியும் குழந்தைகளும் போய் நிற்க ஒரு பக்கத்து வீடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் யோசியுங்கள். போன் கைக்கு வந்தவுடன் கடன் செயலியிலோ தெரியாதவர் கணக்கிலோ பணம் போகும் ஆபத்து உண்டு, தீர்மானிக்கும் திறன் குறைந்திருக்கிறது. பணம் அனுப்பும் செயலியின் தினசரி வரம்பைக் குறையுங்கள். மோப்பம் போயிருக்கிறதா என்று சோதியுங்கள். தலைக்காயத்தில் இது அடிக்கடி போகும், கேஸ் கசிவதும் மீன் கெட்டதும் தெரியாது. மது அறவே கூடாது, முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது, வலிப்பும் வரும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கூர்க்கத்தியோடு தோட்டத்துக்குள் தனியாகப் போகும் பால்வெட்டு வேலைக்குத் திரும்புவது கடைசிப் படி. பைக் ஓட்டுவதும் அப்படியே, டாக்டர் சொல்லாமல் கூடாது. முதலில் பகலில், கூட ஆள் இருக்க, ரப்பர் ஷீட் அடிப்பது போன்ற வேலையில் ஒரு மணி நேரம்.

முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, இரண்டு ஆண்டு தாண்டியும் நடக்கும்.

ஆசான், டானிக், ஊசி

வர்ம ஆசானிடம் போகாதே என்று சொன்னால் நம் மாவட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, எப்படிப் போவது என்று சொல்வதே உபயோகம். எலும்பு திரும்ப வைக்கும் வரை தலையிலும் கழுத்திலும் எந்தத் தடவலும் அடங்கலும் (வர்மப் புள்ளியை அமுக்குவது) வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடும் நசியம் விழுங்கத் தெரியாதவருக்கு நுரையீரலில் இறங்கும், மண்டை அடித்தள விரிசல் இருந்தால் கிருமியை மூளைக்குக் கொண்டுபோகும். விறைத்த மூட்டைச் சத்தம் கேட்க மடக்குவது கூடாது. சூரணத்துக்காக வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. இவற்றை ஏற்றுக்கொள்கிற வைத்தியரிடம் கை கால்களுக்கு மிதமான எண்ணெய்த் தடவல் செய்வதில் பெரிய தீங்கில்லை. நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது, டிஸ்சார்ஜ் சம்மரியை வாசித்துப் பார்த்துச் சொல்லும் இடம் அது.

அலோபதிப் பக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மூளை டானிக் என்று மாதம் ஆயிரக்கணக்கில் போகும் சிட்டிகோலின் மாத்திரை, 2012-ல் வெளியான 1,213 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வில் தலைக்காயத்துக்குப் பயன் தரவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், நினைவு முழுதாகத் திரும்பாதவர்களுக்கு அமான்டடின் என்ற பழைய மருந்து தேறும் வேகத்தைக் கூட்டியது. உங்கள் அண்ணனுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம், வலிப்பு இருந்தால் யோசித்தே தருவார்கள். ஸ்டெம்செல் ஊசி என்று லட்சங்கள் கேட்கும் விளம்பரங்களுக்கு நிலத்தை விற்காதீர்கள். அந்தப் பணத்தில் இரண்டு வருடம் பிசியோதெரபி வாங்கலாம்.

எங்கே போவது

தொடர் சிகிச்சைக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிதான் மையம். நரம்பு அறுவை, பிசியோதெரபி, மனநலம் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சீட்டுப் போட்டுக்கொண்டால் வண்டிக்கூலி மிச்சம். வீட்டுக்கு வந்து பயிற்சி தர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்மரி நகலைக் கொடுத்துப் பெயரைப் பதியுங்கள். அவர் தினமும் வர மாட்டார், வரும் நாளில் மைனி செய்வதைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் நமக்குப் பக்கம். பின்னாளில் வலிப்பு மருந்துக்கு அடங்காமல் போனால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் வலிப்பு நோய்ப் பிரிவுக்குப் போகலாம். எழுந்து உட்கார்ந்து சொல்வதைக் கேட்கும் நிலை வந்ததும் ஒரு முறை தங்கிப் பயிற்சி எடுப்பது நல்லது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966 முதல் இருக்கிறது, விபத்தில் தானே இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் கட்டியெழுப்பிய துறை. பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பு மறுவாழ்வுப் பிரிவு உண்டு, மறதி, நடத்தை மாற்றம் பெரிதாக இருந்தால் அது பொருத்தம். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை. எங்கே போனாலும் கூட இருப்பவர் கற்றுக்கொண்டு வருவதே பாதிப் பயன், மைனிதான் போக வேண்டும்.

பணமும் சட்டமும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எலும்பு திரும்ப வைக்கும் ஆபரேஷனுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஊனச் சான்றிதழ் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடப்படும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, அதில் தலைக்காயம் என்று தனி வகை இல்லை. அதனால் மருத்துவக் குழு கை காலை மட்டும் அளந்து ஒரு சதவீதம் போட்டு அனுப்பிவிடும். மூளைப் பாதிப்பால் பேச்சு இழப்பது அந்தச் சட்டத்தின் பேச்சு மொழிக் குறைபாட்டு வகையில் வெளிப்படையாகவே வருகிறது. நடத்தை மாற்றத்தை மனநல மருத்துவர் மதிப்பிட முடியும், பார்வை குறைந்திருந்தால் கண் மருத்துவர். இவர்கள் எல்லோரும் பார்த்து, பல்வகை ஊனம் என்று சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள். சலுகைகளுக்கு 40 சதவீதம் அடிப்படை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு, அதாவது 75 சதவீதமும் மேலும் உள்ளவருக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதனால் 60-க்கும் 75-க்கும் உள்ள தூரம் பெரிது. சக்கர நாற்காலி, கழிவறை நாற்காலி போன்றவற்றுக்கும் அதே அலுவலகம். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும், அதைத் தொலைக்காதீர்கள். குடும்பத்தில் வருமான வரி கட்டுபவர் அண்ணனைப் பார்த்துக்கொண்டால், பழைய வரி முறையில் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000-ம் கழிக்கலாம்.

விபத்து நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் மறுபடி சட்டத்தில் இருக்கிறது. ஒன்றரை மாதம் போய்விட்டது. நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களில் போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கிடையாது, தொலைபேசி 15100. ஆஸ்பத்திரி வராந்தாவில் கமிஷன் பேசுகிறவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். வக்கீலிடம் இரண்டு தீர்ப்புகளைச் சொல்லுங்கள். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்றது. வலது கையில் கத்தி பிடிக்க முடியாத பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சான்றிதழ் 50 என்றாலும் தொழில் இழப்பு 100 என்று வாதிடலாம். காஜல் வழக்கில் (2020) மூளை பாதித்த சிறுமிக்கு வாழ்நாள் முழுவதற்குமான கவனிப்பாளர் செலவைப் பெருக்கி முறையில் (ஓராண்டுச் செலவை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவது) கணக்கிட்டுக் கொடுத்தது. மைனி இரவும் பகலும் செய்யும் வேலைக்கும் விலை உண்டு, அதை மனுவில் எழுத வேண்டும்.

இதைக் கடற்கரை ஊர்களிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்து விபத்துக் காப்பீட்டில் மீனவருக்கு நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சமும் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சமும் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

வங்கிக் கணக்கு, நிலம் அண்ணன் பெயரில் மட்டும் இருந்தால் மைனியால் தொட முடியாது. சிறிய தேவைக்கு வங்கி மேலாளரிடம் கைநாட்டு வசதி கேட்கலாம். நிலம் விற்கவோ பெரிய தொகை எடுக்கவோ நீதிமன்றம் காப்பாளரை நியமிக்க வேண்டும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவியைக் காப்பாளராக நியமித்தது. நமக்கு மதுரைக் கிளை. வெறும் பத்திரத்தில் பொது அதிகாரம் (பவர் பத்திரம்) எழுதி வாங்குவது செல்லாது, புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் அவர் இல்லை.

மைனிக்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழும்பும் வேலையை ஒருவர் மூன்று வாரத்துக்கு மேல் தாங்க முடியாது. முதுகு போகும், தூக்கம் போகும், பிறகு கோபம் வரும், கோபத்துக்குப் பின்னால் குற்ற உணர்ச்சி வரும். இரவைப் பத்து முதல் இரண்டு, இரண்டு முதல் ஆறு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டில் மைனியின் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் புரட்டுவது எளிது. உட்கார வைத்துப் பழகும்போது முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும், அதனால் உயரம் மாற்றக்கூடிய கட்டிலை வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். பங்குக் கோயில்களிலும் சில அன்பர் குழுக்களிலும் சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும், விசாரியுங்கள். மைனிக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாம் முடிந்தால் நல்லது என்ற பேச்சு வருகிறது என்றால் 14416-ல் மனநல ஆலோசகர் இரவும் பகலும் தமிழில் பேசுவார்.

நீங்கள் வெளியூரில் இருந்து பணம் அனுப்புவதோடு மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து, சனி இரவும் ஞாயிறு பகலும் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு மைனியை அவர் அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு நீங்களும் இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு வார்டில் நின்று ட்யூப் உணவு கொடுக்கப் பழக வேண்டும்.